நான்கு நிமிடப் பேச்சும் அதன் நிர்வாகமும்

1917 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி மீது அமெரிக்கா போர் அறிவித்தபோது, அந்நாட்டு மக்களில் கணிசமானோர் போரை விரும்பாதவர்களாகவும், பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறி ஆங்கிலம் சரிவர அறியாதவர்களாகவும் இருந்தனர். அவர்களைப் போருக்கு இசையச் செய்யும் பொருட்டு, அதிபர் உட்ரோ வில்சன் ஏப்ரல் 13 அன்று பொதுத் தகவல் குழு என்னும் அமைப்பை நிறுவி, பத்திரிகையாளர் ஜார்ஜ் கிரீலை அதன் தலைவராக்கினார். சுவரொட்டி, திரைப்படம், செய்தித்தாள் எனப் பல பிரிவுகள் அதில் இருந்தன. ஆயினும் மக்கள் தொடர்பு, அதாவது பொதுக்கருத்தைத் திட்டமிட்டு உருவாக்கும் தொழில், தன் நிர்வாக முறையைப் பெரிதும் பழகிக்கொண்ட இடம் ‘நான்கு நிமிடப் பேச்சாளர்’ பிரிவே எனலாம்.

வானொலி ஒலிபரப்பு இன்னும் பிறவாத அக்காலத்தில், திரையரங்கில் ஒரு படச்சுருள் முடிந்து அடுத்ததை மாட்டுவதற்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் பிடித்தது. டொனால்ட் ரையர்சன் முதலான சிகாகோ நகரத்தார் சிலர் அந்த இடைவெளியைப் பேச்சுக்குப் பயன்படுத்தத் தொடங்க, கிரீல் அம்முயற்சியை நாடு தழுவியதாக்கினார். இன்னார் நாட்டு நலன் குறித்து நான்கு நிமிடம் பேசுவார் என்றும், பொதுத் தகவல் குழுவின் அனுமதி பெற்றவர் என்றும் ஒரு சிலைடு முதலில் திரையில் விழும். அதன்பின் உள்ளூர் வழக்கறிஞரோ வணிகரோ மேடையேறுவார். ஊதியம் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது.

முன்பின் பாராத பல்லாயிரம் தன்னார்வலர்களை வாஷிங்டனிலிருந்து கட்டுப்படுத்திய கருவி ‘புல்லட்டின்’ எனப்பட்ட சுற்றறிக்கையாகும். கட்டாய ஆள்சேர்ப்பு, உணவுச் சிக்கனம், போர்ச் செலவுக்காக மக்களிடம் விற்கப்பட்ட சுதந்திரக் கடன்பத்திரம் என ஒவ்வொரு காலக்கட்டத்துக்கும் ஒரு பொருளைக் குறித்து, அதற்கான தரவுகளையும் மாதிரி உரைகளையும் அது தந்ததோடு, கடன்பத்திரத்தை விளக்க 45 விநாடி, இறுதி வேண்டுகோளுக்கு 15 விநாடி என்கிற அளவுக்கு நேரத்தையும் பகுத்துக் காட்டியது. மாதிரியை ஒப்பிக்காமல் சொந்தச் சொற்களில் பேச வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. ஆகவே கருத்து தலைநகரிலிருந்து வந்தாலும் குரல் அந்தந்த ஊரின் குரலாகவே கேட்டது. அக்காலத்து மேடைப் பேச்சாளரின் நாவை நான்கு நிமிடத்தில் அடக்குவது எளிதான காரியமாக இருந்திராது. ஆனால் பேச்சு நீண்டால் காட்சி தாமதமாகும், காட்சி தாமதமானால் அரங்கு உரிமையாளரின் ஒத்துழைப்பு போய்விடும் என்பதால், விதி மீறியவரை விலக்கவும் உள்ளூர்த் தலைவர்கள் தயங்கக் கூடாது என எதிர்பார்க்கப்பட்டது. நியூயார்க்கில் இத்திஷ், இத்தாலிய மொழிகளில் பேசுவோரும், பகல் காட்சிகளுக்குப் பெண் பேச்சாளர்களும், பள்ளிகளில் மாணவர் பிரிவும் பின்னர் சேர்க்கப்பட்டனர்.

கிரீல் தரும் கணக்குப்படி 75,000 பேச்சாளர்கள் 7,55,000-க்கும் மேற்பட்ட உரைகளை ஆற்றினர். அரசுக்கு ஆன செலவோ ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்தான். கேட்டோர் 31 கோடிக்கு மேல் என்பதையும் அவரே சொல்கிறார். நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 10 கோடியாதலால், வந்தவர்களே மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டனர் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். விளம்பரக்காரரின் கணக்கை விளம்பரமாகவும் படிப்பது நல்லது. தொடக்கத்தில் தகவலையே முதன்மைப்படுத்திய சுற்றறிக்கைகள், 1918-இல் ஜெர்மானியர் மீதான அச்சத்தையும் வெறுப்பையும் தூண்டும் தொனிக்கு இறங்கியபோது, அதே செம்மையான ஏற்பாடு அவ்வெறுப்பையும் குறித்த நேரத்தில் ஊர்தோறும் கொண்டுசேர்த்தது.

போர் முடிந்தபின் 1918 டிசம்பர் 24 அன்று இப்பிரிவும், 1919 ஆகஸ்டில் குழு முழுவதும் கலைக்கப்பட்டன. குழுவின் பிற பிரிவுகளில் பணியாற்றிய எட்வர்ட் பெர்னேஸ் அதே ஆண்டில் நியூயார்க்கில் மக்கள் தொடர்பு அலுவலகம் திறந்தார். கிரீலுக்குத் துணையாக இருந்த கார்ல் பையோர் 1930-இல் தம் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்.