சொல் விளக்கம்: சுதந்திரம்

சுதந்திரம் – பெயர்ச்சொல். 1. தன்னாட்சி. 2. பரம்பரை உரிமை. 3. விளைச்சலில் ஊர்ப் பணியாளருக்கு உரிய பங்கு.

வடமொழி 'ஸ்வதந்த்ர' என்பதன் தமிழ் வடிவம். 'ஸ்வ' என்றால் தன். 'தந்த்ர' என்றால் நெறி, ஆளும் முறை. பிறர் பிடியில் இருப்பது பரதந்திரம்.

வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான போராட்டம் முதற்பொருளை ஊரெங்கும் பரப்புமுன், கிராமத்தில் இச்சொல் களத்துமேட்டில் புழங்கியது. நெல்லடித்து முடிந்ததும் தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்கு அளந்து கொடுத்த தானியத்துக்குச் சுதந்திரம் என்று பெயர். அது தானமன்று, கேட்டு வாங்கும் உரிமை. தமிழ் விவிலியத்தில் 'சுதந்தரம்' வாரிசு உரிமையைக் குறிப்பதும் இப்பொருளை ஒட்டியே.

'விடுதலை' வேறு. 'விடு' என்னும் வினையில் பிறந்த அது கட்டு அவிழ்வதைச் சொல்லும். சிறையிலிருந்து வெளிவருவதற்கும் அதே சொல். சுதந்திரமோ, கட்டு அவிழ்ந்தபின் கைக்கு வரும் பங்கைச் சொல்லும்.

விடுதலை, சுதந்திரம் இரண்டையும் கண்டவர் ராஜபாளையம் பூ. ச. குமாரசுவாமி ராஜா. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1949இல் சென்னை மாகாணப் பிரதமர் (மாகாண அரசின் தலைவருக்கு அன்றைய பெயர்). 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த 1952 பொதுத்தேர்தலில், அவரையே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி மக்கள் தோற்கடித்தார்கள். கேட்டு வாங்கும் உரிமை என்னும் களத்துமேட்டுப் பழைய பொருள் அன்று வாக்குச்சாவடிக்கு வந்துவிட்டது.