பன்னிரண்டு நிமிடங்களும் ஒரு தீர்ப்பும்

பேறுகாலத்தில் ஒரு தாய்க்கு நேரக்கூடிய ஆபத்தைச் சொல்வதா, மறைப்பதா என்பதை முடிவு செய்யவேண்டியவர் யார்? மருத்துவரா, அன்றி அத்தாயா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குத் தெளிவான விடை காணப் பிரிட்டனின் நீதிமன்றங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கது.

1957 இல் போலம் என்பார் தொடுத்த வழக்கில் அங்கு ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. பொறுப்புள்ள மருத்துவர் குழாம் ஒன்று முறையெனக் கொள்வதைச் செய்த மருத்துவர் கவனக்குறைவுக் குற்றத்திற்கு ஆளாகார் என்பதே அது. 1985 இல், சிடவே வழக்கில், பிரபுக்கள் சபை ஆபத்தை எடுத்துரைக்கும் கடமைக்கும் பெரும்பாலும் இதனையே பொருத்தியது. அக்கடமை நோயாளியின் உரிமையினின்றே பிறக்கிறது என்று காரணத்தில் மாறுபட்டார் ஸ்கார்மன் பிரபு. அன்று அது தனிக்குரலாகவே நின்றது.

1996 இல் கடும் இரத்தக் கொதிப்புக்கு ஆளான கர்ப்பிணி ஒருவர், ஆபத்தை உணர்ந்தே அறுவையை மறுத்தார். மனநோய்ச் சட்டத்தைக் காட்டி அவரைத் தடுத்து வைத்தனர். அவர் தரப்பைக் கேளாமலே நீதிமன்ற ஆணை பெற்று வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தனர். தாயும் சேயும் பிழைத்தனர். எனினும், கருவுற்றதனால் ஒரு பெண்ணின் சம்மத உரிமை குன்றிவிடாது. நடந்தது சட்டவிரோதமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998 இல் தீர்ப்பளித்தது.

மறுக்கும் உரிமை இவ்வாறு நிலைபெற்றது. ஆனால், அறியும் உரிமை?

1999 இல் ஸ்காத்லாந்தின் லானார்க்ஷயரில் மாண்ட்கோமரி என்னும் பெண்மணி பேற்றுக்குக் காத்திருந்தார். நீரிழிவு நோயுடையவர், சிற்றுருவினர். இந்நோயுடைய தாய்மாருக்குக் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அல்லது 10. சிசு பெரிதாயிருக்குமோ என்ற தம் அச்சத்தை அவர் வெளியிட்டும், மருத்துவர் இதைக் கூறவில்லை. கூறினால் பெரும்பாலான பெண்கள் அறுவையையே நாடுவர். அது அவர்களுக்கு நலமன்று என்பது அம்மருத்துவரின் எண்ணம். தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும் தலை வெளிவந்தபின் தோள் சிக்கியது. பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்தே குழந்தை வெளிவந்தது. பிராணவாயு குன்றியதால் மூளை பழுதுற்று, அம்மகன் ஊனமுற்றான்.

ஸ்காத்லாந்து நீதிமன்றங்கள் இருமுறை அத்தாயின் வழக்கைத் தள்ளின. 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். மருத்துவர்களின் வழக்கம் இனி அளவுகோலன்று. அந்நிலையிலுள்ள ஒருவர் எதனை முக்கியமெனக் கருதுவாரோ, அது அவரிடம் சொல்லப்பட வேண்டும். மாற்று வழிகளும் விளக்கப்பட வேண்டும். புரியாத சொற்களைக் கொட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குவது மட்டும் கடமையை நிறைவேற்றாது.

இங்கு நாம் ஊன்றிக் கருத வேண்டியது ஒன்றுண்டு. அத்தாயிடம் உண்மை மறைக்கப்பட்டது பகையினால் அன்று. நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையினால். அன்புடையோரும் அறிவுடையோரும் பிறர்க்காகத் தாமே முடிவு செய்துவிடும்போது, அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவராகிறார். வாழ்நாளெல்லாம் சுமக்கப்போகிறவளுக்கே முதலில் உண்மை உரியது. இவ்வொன்றை நிலைநாட்ட ஒரு தாய் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.