எலும்பைச் சுற்றியிருந்த கறை: தொல்கடல் ஊர்வனவற்றின் தோலை அறிந்த வரலாறு

தெற்கு அந்தமான் தீவிலும், அதையடுத்த ரட்லண்ட் தீவிலும் ஒரு பழைய கடற்தரை மேலே தள்ளப்பட்டுக் கரும்பாறைகளாக நிற்கிறது. அப்பாறைகளிலுள்ள சிர்கான் மணிகளைக் கொண்டு கணித்த வயது சுமார் 9.5 கோடி ஆண்டுகள். ஏறத்தாழ அக்காலத்தில்தான் இக்தியோசார் எனப்படும் மீன்பல்லிகள் உலகக் கடல்களிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. அவற்றின் கடைசித் தலைமுறைகளில் சில நம் தமிழ்நாட்டுக் கரையில் நீந்தியதற்குச் சான்று உண்டு. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியை உள்ளடக்கிய உட்டத்தூர் பாறைத்தொகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளுக்கு ரிச்சர்ட் லைடெக்கர் 1879இல் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். 2011இல் அண்டர்வுட், கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் அடங்கிய குழு காரை அடுக்குகளின் பற்களையும் எலும்புகளையும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. நம்மிடம் உள்ளவை எலும்பும் பல்லும் மட்டுமே. தோல் இல்லை. இதற்குக் காரணம் பாறை மட்டும்தானா, அகழ்ந்தெடுத்த முறையுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் எலும்புக்குத்தான் மதிப்பு. 1811–12இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் குடும்பத்தார் எடுத்த எலும்புக்கூடு அறிஞர்களைத் திகைக்க வைத்தது. ஆனால் அந்த உயிரின் புறவடிவம் எவருக்கும் பிடிபடவில்லை. பல எலும்புக்கூடுகளில் வால் ஒரே இடத்தில் கீழ்நோக்கி மடிந்திருப்பதை ரிச்சர்ட் ஓவன் கவனித்தார். அங்கே ஒரு தோல்துடுப்பு இருந்திருக்க வேண்டும், இறந்தபின் அதன் பாரத்தால் வால் மடிந்தது என்றார். துடுப்பு இருந்தது உண்மை. மடிப்பு மட்டும் இறந்தபின் நேர்ந்ததல்ல. உயிரோடிருந்தபோதே முதுகெலும்பு வளைந்து துடுப்பின் கீழ்மடலைத் தாங்கியது. 1841இல் ஒரு பின்துடுப்பின் தோலையும் மென்பகுதிகளையும் அவரே விவரித்தார்.

திருப்பம் 1892இல் தென்ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் நேர்ந்தது. அங்குள்ள கருங்களிப்பாறை சுமார் 18 கோடி ஆண்டுப் பழையது. பெர்ன்ஹார்ட் ஹாஃப் ஒரு மீன்பல்லியைத் துப்புரவு செய்கையில் எலும்பைச் சுற்றிப் படர்ந்திருந்த கறுத்த படலத்தைச் சுரண்டி எறியாமல் விட்டுவைத்தார். எலும்பே இல்லாத முதுகுத்துடுப்பும், வாலின் மேல்மடலும் அந்தப் படலத்தில் வெளிப்பட்டன. எபர்ஹார்ட் ஃபிராஸ் அதே ஆண்டில் அதை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். இவ்வரலாற்றில் மிகப் பெரிய செயல் எது என்று கேட்டால், பின்னாளில் வந்த எந்தக் கருவியையும்விட ஹாஃபின் அந்தப் பொறுமையையே சொல்வேன். தோலோடு கூடிய மாதிரிகளுக்கு நல்ல விலை கிடைத்ததால் சிலவற்றில் விளிம்பை வண்ணம் தீட்டியோ செதுக்கியோ கூட்டினார்கள். அதனால் உண்மையான படலங்கள் மீதும் சந்தேகம் படிந்தது.

அடுத்த கேள்வி, அந்தக் கறை எதனால் ஆனது என்பது. மேரி விட்டியர் 1956இல் மீன்பல்லியின் தோலில் நிறச்செல்களைக் கண்டதாக எழுதினார். டேவிட் மார்ட்டில் 1987இல், மென்திசுவின் இடத்தைப் பாக்டீரியாப் படலங்கள் பிடித்துக்கொண்டு அதன் வடிவைக் காத்திருக்கலாம் என்றார். நிறச்செல்லுக்குள் இருக்கும் நிறமணியும் பாக்டீரியாவும் அளவிலும் உருவிலும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே ஒரு மைக்ரோமீட்டர் அளவை ஒட்டியவை. கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாத வழக்கு இது, வேதியியலே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து யோஹான் லிண்ட்கிரென் குழு 2014இல் மூன்று உயிர்களின் தோலில் யூமெலனின் என்னும் கருநிறமியை வேதிமுறையில் இனங்கண்டது: ஒரு மீன்பல்லி, 8.6 கோடி ஆண்டுப் பழைய மோசசார் என்னும் கடற்பல்லி, 5.5 கோடி ஆண்டுப் பழைய ஒரு தோல்முதுகு ஆமை. 2018இல் அக்குழு ஸ்டெனோப்டெரிஜியஸ் என்னும் மீன்பல்லியின் ஒரு துண்டை எடுத்துக் கனிமத்தைக் கரைத்தது. மிஞ்சிய திசு 18 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் வளைந்து கொடுத்தது. கிளைவிட்ட நிறச்செல்கள் தெரிந்தன; முதுகு கருமை, வயிறு வெளிர்நிறம். செதிலே இல்லாத வழுவழுப்பான தோல், அதன் கீழே கொழுப்பு அடுக்கு. உடல்வெப்பத்தைக் காத்த உயிர் அது என்பதற்கு இது வலுவான சான்று. 2025இல் மிகேல் மார்க்ஸ் தலைமையிலான குழு, பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வன ஒன்றுக்கு வாலருகே வழுவழுப்பான தோலும் துடுப்பில் செதிலும் இருந்ததைக் காட்டியது. ஒரே உடலில் இருவகைத் தோல் இருக்கும் என்று எலும்பை வைத்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

தோலைப் பற்றிய இந்த ஆய்வில் அந்தமானுக்கும் நேரடிப் பங்குண்டு. புதைந்த தோலைப் படிக்க உயிருள்ள ஒப்பீடு வேண்டும். அந்த ஒப்பீடு ஏழுவரி ஆமை என்றும் சொல்லப்படும் தோல்முதுகு ஆமை. ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்திய முதுகு, ஏழு வரிகள், கருநிறம், கொழுப்பு அடுக்கு. குளிர்நீரிலும் சூழலைவிடச் சூடான உடல். இந்தியாவில் அது பெருமளவில் முட்டையிட வரும் இடங்களுள் சிறிய அந்தமானும் பெரிய நிக்கோபாரும் முக்கியமானவை. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட சிறிய அந்தமான் ஆமைகள் மேற்கு ஆஸ்திரேலியா வரையிலும், மறுபுறம் ஆப்பிரிக்கக் கரையருகிலும் சென்றுள்ளன.

இனி காரைக்கு வருவோம். அங்குள்ள களிமண் அடுக்குகளில் பாஸ்பேட் உருண்டைகள் உண்டு. மென்திசு கல்லாவதற்குப் பாஸ்பேட் உலகெங்கும் துணை நின்ற கனிமம். எதிராக நிற்பது ஜிப்சம். வெடிப்புகளில் படிகமாக வளர்ந்து, பட்டதையெல்லாம் பிளக்கிறது. மழையில் அரித்து மேலே வந்த துண்டுகளைப் பொறுக்கியே நம் சேகரிப்புகள் பெரும்பாலும் உருவாயின. அப்படிக் கழுவுண்ட எலும்பில் தோல் மிஞ்சாது. ஆனால் 2017இல் அறிவிக்கப்பட்ட குஜராத்தின் லோடாய் மீன்பல்லி சுமார் 5.5 மீட்டர் நீளத்தில் ஏறக்குறையக் கோவையான எலும்புக்கூடாகவே கிடைத்தது. ஆகவே இந்திய மண் முழு உடலைத் தராது என்ற சொல் இனிச் செல்லாது.

காரையில் பணி செய்யும் மாணவர்களுக்கும் புவியியலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எலும்பு தெரியும் பாஸ்பேட் உருண்டையைக் களத்திலேயே உடைத்துத் துடைக்காதீர்கள். சுற்றியுள்ள களிமண்ணோடு கட்டியாக வெட்டி, கிடந்த நிலையையும் திசையையும் குறித்து ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். எலும்பருகே கறுப்பாகப் படிந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே தூரிகையை எடுங்கள்.