கங்கார்க் காடும் கல்லுப்பட்டிக் குடிலும்

ஜொகூர் மாநிலத்தில் கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என ஊர்ப்பெயர்கள் வழங்குகின்றன. கங்கார் என்பது ஆற்றோரத்துச் சீனர் குடியிருப்பைக் குறிப்பது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர், இந்நாட்டு மண்ணில் முதலில் ஊன்றப்பட்ட பெரும்பயிர் இரப்பரே என்று எண்ணியிருக்கின்றனர். அஃது அவ்வாறன்று. இரப்பருக்கு முன்னரே, 1840களில் தொடங்கி, தெமெங்கோங் இப்ராகிம் அளித்த ஆற்று உரிமைச் சீட்டுகளைப் பெற்றுச் சீனக் குடியானவர் இங்குக் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். அவ்வுரிமை பெற்ற தலைவனைக் கங்சு என்பர். கங்சு முறை 1917ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

கம்பீர் இலையைப் பறித்த சூட்டோடு இரும்புக் கொப்பரையில் இட்டுக் காய்ச்சிச் சாறு இறுக்குவர். தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் அது பயன்பட்டது. காய்ச்சுதற்கு விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். காய்ச்சி எஞ்சிய இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாக இட்டனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அது நல்ல சிக்கனமே. ஆயினும் ஏறத்தாழ 15 அல்லது 20 ஆண்டுகளில் மண் சத்திழக்கும். அண்டையிலுள்ள காடும் விறகாகித் தீர்ந்துபோகும். உழவர் அடுத்த ஆற்றங்கரைக்குப் பெயர்வர். பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கும்.

இவ்வகை வாழ்க்கைக்கு ஒரு பெயரிட்டு, அதன் இயல்பை விளக்கியவர் தமிழர் ஒருவர். 1892 ஜனவரி 4-இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர். மாந்தோப்பில் புகும் குரங்கு குழி தோண்டவில்லை, கன்று நடவில்லை, நீரும் வார்க்கவில்லை. கனியை மட்டும் தின்கிறது. இதனை அவர் கொள்ளைப் பொருளியல் என்றார். தேனீ தன் கூட்டத்துக்காகத் தேடுகிறது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டுகிறது. இவ்வாறு படிப்படியாக உயரும் வாழ்க்கை நிலைகளை அவர் வகுத்தார். நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. ஓடும் ஆறும் வளரும் மரமும் மீண்டும் மீண்டும் வரும் வருவாய். சேமிப்பைச் சார்ந்த நாடுகள் அதற்காகப் போரிடும் என்பது அவர் கண்ட முடிபு. நிலைபேறுடைய பொருளியலைக் கூறும் இந்நூலை அவர் எழுதியது ஜபல்பூர்ச் சிறையில், வெளிவந்தது 1945-இல்.

எழுதியவர் பலர் உண்டு. எழுதியபடி உண்டு உடுத்தவர் சிலரே. குமரப்பா இலண்டனில் கணக்காய்வு பயின்றவர். பம்பாயில் அத்தொழிலை நடத்தியவர். நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமையை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 1929 மே மாதம் சபர்மதிக்குச் சென்றார். சாணமிட்டு மெழுகிய தரையில், மரத்தடியில், முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே வந்துவிட்ட குமரப்பா கைத்தடியை ஊன்றி நின்று அதை வேடிக்கை பார்த்தார். நூற்பவரே காந்தியடிகள் என்று அறிந்ததும், அணிந்திருந்த மேனாட்டுப் பட்டுடை கசங்குமே என்று பாராமல் அத்தரையிலேயே அமர்ந்தார். அங்கு அவரைத் தரையில் அமர்த்தியது எந்தச் சொற்பொழிவு?

1934 இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. வார்தாவின் மகன்வாடியில் அதனைக் குமரப்பா நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைத்தயாரிப்புக் காகிதம், தேனீ வளர்ப்பு, புகையில்லா அடுப்பு ஆகியவற்றைப் பிறருக்குக் கற்பித்தது மட்டுமன்று. அங்கிருந்தோர் அவற்றைக் கொண்டே வாழ்ந்தனர். மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. அவர் நூல்கள் கைக்காகிதத்தில் அச்சாயின. மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் அமர்ந்து மண்ணெண்ணெயைக் கண்டிக்கும் இடர்ப்பாடு அவருக்கு நேரவில்லை.

எனக்கு நேர்ந்தது. ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதவும் பயிற்றுத் துணைப்பொருள் செய்யவும் கற்றோம். ஆசிரியனே பயிற்றுத் துணைப்பொருள் என்பதை எவரும் கற்பிக்கவில்லை. ஒரு நாள் காலைக் கூடலில் பிளாஸ்டிக்கின் தீமை பற்றி நெடுநேரம் பேசிவிட்டு அலுவலறைக்கு வந்தேன். மேசைமேல் நான் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேநீர், உறிஞ்சுகுழலோடு, தொங்கிக்கொண்டிருந்தது. வருகைப் பதிவேடு கொண்டுவந்த நான்காம் ஆண்டு மாணவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போனான். மறுவாரம் என் பாட்டி பால்மரம் வெட்டப் போகையில் தேநீர் கொண்டுசென்ற தூக்குச்சட்டியைத் தேடி எடுத்தேன். அதைப் பற்றிக் கூடலில் ஒரு சொல்லும் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து ஆசிரியர் அறையில் மேலும் இரண்டு தூக்குச்சட்டிகளைக் கண்டேன். எதனால் வந்தன என்று நானும் கேட்கவில்லை.

விடுதலைக்குப் பின் பெரும் ஆலைகளையும் இறக்குமதியையும் நம்பிய திட்டங்களோடு குமரப்பாவுக்கு உடன்பாடு இல்லை. உடல் நலிந்த நிலையில், தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில், 1940-இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில், ஒரு குடிலில் கழித்தார். அவரைத் தோற்றவர் என்று கருதியவர்கள் அக்காலத்தில் இருந்தனர். அடுப்பும் எருக்குழியும் செக்கும் அன்று சிறுமையாகத் தோன்றின. இன்று சூழலியல் அறிஞர்கள் அவர் நூலைத் தூசி தட்டி எடுத்துப் படிக்கின்றனர்.

அக்குடிலின் சுவரில் காந்தியடிகள் படத்தோடு ஏழைக் குடியானவன் ஒருவனின் படமும் இருந்ததாகக் கூறுவர். அவன் யார் என்று வினவியவர்க்கு, தம் ஆசானுக்கு ஆசான் என்று குமரப்பா விடையிறுத்தாராம். 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் அவர் காலமானார்.