சலவை மூட்டையில் தப்பிய சிறுவனும் பெயர் மறைக்கப்பட்ட மூவாயிரம் குழந்தைகளும்

சந்திரகிரிக் கோட்டையின் ராஜமஹாலைக் காணச் செல்வோர் விஜயநகரத்தின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றைக் காண்கின்றனர். அரவீடு மரபின் இரண்டாம் வேங்கடர் 1614இல் மறைந்தபின் நிகழ்ந்த வாரிசுப் போரில், ஒரு சிறுவன் மட்டும் சலவைத் தொழிலாளி ஒருவரின் துணிமூட்டைக்குள் மறைத்துக் கடத்தப்பட்டு உயிர் பிழைத்தான் என்று போர்ச்சுகீசிய ஏசு சபைத் துறவி மனுவேல் பராதாஸ் 1616இல் எழுதினார். அச்சிறுவனே பின்னர் ராமதேவராயராக அரசாண்டவர். அவருடைய பாலபருவத்தின் ஒரு கணம் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர் அரசரானது. மூட்டையைச் சுமந்தவரின் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அவர்களைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசாது. கிருஷ்ணதேவராயர் தம் இளமையைச் சந்திரகிரியில் கழித்தார் என்பதுகூட வழிவழிச் செய்தியாகவே நிற்கிறது. பேரரசரின் குழந்தைப்பருவத்துக்கே இந்நிலை என்றால், சாமானியரின் குழந்தைப்பருவம் நம் வரலாற்றெழுத்துக்கு வெளியிலேயே இருந்துவந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

இந்தக் குறையை நிரப்ப இருபதாம் நூற்றாண்டு கண்டறிந்த வழிகளுள் ஒன்று, ஒரே மனிதர்களிடம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செல்வது. 1964இல் இங்கிலாந்தின் கிரானடா தொலைக்காட்சி, வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த ஏழு வயதுக் குழந்தைகள் பதினால்வரைப் படமெடுத்து ‘செவன் அப்!’ என ஒளிபரப்பியது. ஏழு வயதுக்குள் மனிதன் உருவாகிவிடுகிறான் என்ற, ஏசு சபையினருடையதாகச் சொல்லப்படும் பழைய கருத்தே அதன் அடிப்படை. முதல் படத்தை இயக்கியவர் பால் ஆல்மண்ட். அதில் ஆய்வாளராகப் பணிபுரிந்த மைக்கேல் ஆப்டெட், 1970 முதல் ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் தேடிச் சென்றார். அவர் இயக்கிய கடைசிப் படம் 2019இல் வெளியானது. 2021இல் அவர் மறைந்தார். பதினால்வரில் நால்வரே பெண்கள். அதைத் தம் பெரும் பிழையாக ஆப்டெட் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பெண்களின் வாழ்க்கை இத்தனை மாறப்போகிறது என்பதை 1964இன் ஆண்கள் எதிர்பார்க்கவில்லை. முதல் நாளில் செய்த தேர்வை ஐம்பதாண்டுக்குப் பின் திருத்த வழியில்லை என்பது இவ்வகை ஆவணத்தின் பிறவிக் குறை.

இதற்கு நிகராக இந்தியாவில் நிகழ்ந்தது திரைப்படம் அன்று, ஆய்வு. ‘யங் லைவ்ஸ்’ என்னும் அத்திட்டம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளை 2002 முதல் தொடர்கிறது. இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம். 2001–02இல் பிறந்த சுமார் 2,000 பேர், 1994–95இல் பிறந்த சுமார் 1,000 பேர் என இரு தலைமுறைகள். ஏழு மாவட்டங்களில் இருபது இடங்கள். ஹைதராபாத்தின் ஆய்வு நிறுவனத்துடன் இதில் இணைந்தது திருப்பதியின் ஸ்ரீ பத்மாவதி மகிளா விஸ்வவித்யாலயம். அப்பல்கலைக்கழகத்தின் உமா வென்னம் முதலானோர், இந்தப் பெருந்தொகுதியிலிருந்து நான்கு ஊர்களில் 48 குழந்தைகளைத் தேர்ந்து, 2007 தொடங்கிப் பலமுறை சென்று நேரில் உரையாடிப் பதிவுசெய்தனர். ராயலசீமையிலிருந்து அனந்தபூரும் கடப்பாவும் ஆய்வில் இடம்பெற்றன. சித்தூர் மாவட்டம் இடம்பெறவில்லை. ஆகவே ஆய்வாளர்கள் திருப்பதியிலிருந்து புறப்பட்டார்களே தவிர, அருகிலிருக்கும் சந்திரகிரியின் குழந்தைகள் அக்குறிப்பேடுகளில் இல்லை.

ஆய்வறங்களின்படி குழந்தைகளின் பெயர்கள் மட்டுமின்றி ஊர்ப்பெயர்களும் மாற்றப்பட்டன. மகபூப்நகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இடப்பட்ட புனைபெயர் ‘பூம்புகார்’. ஹைதராபாத்தின் நகர்ப்புறக் குடியிருப்புக்கு ‘போளூர்’. தமிழ் மாணவர் ஒருவர் இந்தத் தரவை முதன்முறை திறக்கும்போது காவிரி முகத்துவாரத்தைத் தேடிக் குழம்புவது திண்ணம். அந்தப் பூம்புகாரில் கடலில்லை, பருத்திக்காடு உண்டு. ஒட்டுரகப் பருத்தி விதைக்காகப் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கும் வேலைக்குச் சிறுவர்கள், குறிப்பாகச் சிறுமியர், ஆண்டில் ஓரிரு மாதங்கள் பள்ளியை விட்டுச் சென்றனர். வர்ஜீனியா மோரோவும் உமா வென்னமும் இதனைப் பற்றி எழுதியபோது, வேலைக்குப் போவதா படிப்பதா என்ற இருமுனைக் கேள்வியையே ஐயுற்றனர். பல குழந்தைகள் இரண்டையும் செய்தனர். வீட்டின் கடனையும் வறட்சியையும் அறிந்தே செய்தனர். ஒரே ஒரு கணக்கெடுப்பு அவர்களைப் ‘பள்ளி செல்பவர்’ என்றோ ‘குழந்தைத் தொழிலாளர்’ என்றோ ஒரு கட்டத்துள் அடைத்திருக்கும்.

இந்தத் தொடர்ச்சியின் பயன் வேறிடங்களிலும் தெரிகிறது. ஆந்திராவில் சமைத்த மதிய உணவு அரசுப் பள்ளிகளில் 2003 ஜனவரியில் தொடங்கியது. தமிழகத்தின் 1982ஐ நினைத்தால் இருபதாண்டுத் தாமதம். அதே காலத்தில் கடும் வறட்சி. பசியில் பிறந்து வளர்ந்த குழந்தைகளின் உடல்வளர்ச்சிக் குறையைப் பள்ளி உணவு பெருமளவு ஈடுசெய்தது என்று அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டீபன் டெர்கான் ஆகியோர் நிறுவினர். அதே குழந்தையை வறட்சிக்கு முன்னும் பின்னும் அளந்திராவிட்டால் இதைச் சொல்லியிருக்க முடியாது. இரு தலைமுறைகளையும் எட்டு வயதில் ஒப்பிட்டபோது, தனியார் பள்ளியில் படித்தோர் 2002இல் 24 விழுக்காடு, 2009இல் 44 விழுக்காடு. ஏழே ஆண்டுகள்! அந்த இடம்பெயர்வில் மகன்கள் முந்தினர், மகள்கள் பின்தங்கினர். மூத்த தலைமுறைப் பெண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் பதினெட்டு நிறையுமுன் மணமுடிக்கப்பட்டனர். ஆப்டெட்டின் பிழை இங்கே நிகழவில்லை. சிறுமியர் தொடக்கம் முதல் கணக்கில் இருந்தனர்.

ஆனால் ஒன்று இழக்கப்பட்டது. ஆப்டெட்டின் பார்வையாளர்கள் ஒரு முகம் நரைப்பதைக் கண்டனர். அவர்களுக்கு அது உறவினர் முகம்போல் ஆயிற்று. அதற்குரிய விலையை அந்தப் பதினால்வர் கொடுத்தனர். தெருவில் அடையாளம் காணப்பட்டனர், சிலர் பாதியில் விலகினர், தங்களை வெட்டித் தொகுத்த விதத்தைப் பற்றிப் படத்திலேயே குறைபட்டுக்கொண்டனர். ஆந்திரக் குழந்தைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால், அவர்களை அறிந்தவர் எவரும் அவர்களை அறியமாட்டார். சாதியும் பாலினமும் குடும்பச் செல்வக் குறியீடும் தரவில் உள, முகமில்லை. இதைக் குறையென்று மட்டும் கொள்வது சரியன்று. சாதி தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் வீடு தெரியும் என்ற ஊரில், மறைப்பே அக்குழந்தைக்குத் தரக்கூடிய மரியாதை.

ஆய்வின் நடுவே, 2014 ஜூன் 2இல், மாநிலமே இரண்டாயிற்று. ஒரே தொகுதிக் குழந்தைகள் இரு மாநிலத்தவராயினர். 2020இல் பெருந்தொற்று வந்தபோது நேரில் செல்ல இயலாமல் தொலைபேசியில் அழைத்துக் கேட்டனர். வேலையும் படிப்பும் யாருக்கு நின்றன, யாருக்கு நிற்கவில்லை என்பது அந்த அழைப்புகளில் பதிவாயிற்று. 2023–24இல் நடந்த ஏழாம் சுற்றில் இளைய தலைமுறை இருபத்திரண்டைத் தொட்டிருந்தது. மூத்தோர் முப்பதை நெருங்கியிருந்தனர். அவர்களுள் பலர், ஆய்வாளர் முதன்முறை வாசலில் வந்து நின்றபோது தங்களுக்கிருந்த வயதில் இப்போது பிள்ளைகளை வைத்திருக்கின்றனர்.