அந்த 200 ரூபாய் எப்போ போய்ச் சேருது?

சனிக்கிழமை ராத்திரி 11 மணி. நண்பனுக்கு யுபிஐ-ல 200 ரூபாய் அனுப்புறீங்க. அவன் கணக்குல உடனே ஏறிடுது. ஆனா உங்க பேங்க் அவனோட பேங்குக்கு அந்தப் பணத்தை அதே நொடியில கொடுத்துடுதா? இல்லை. ஏன் இல்லைன்னு புரிய, செக் காலத்துக்குப் போகணும்.

1935-ல ரிசர்வ் வங்கி வர்றதுக்கு முன்னாடியே கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் நகரங்கள்ல கிளியரிங் ஹவுஸ் இருந்தது. அதை ரிசர்வ் வங்கி தன் கைக்கு எடுத்துக்கிட்டது. வேலை ரொம்ப எளிமை. பேங்க் ஆட்கள் ஒரே இடத்துல கூடி செக்குகளை மாத்திக்குவாங்க. நான் உனக்கு 10 லட்சம் தரணும், நீ எனக்கு 8 லட்சம் தரணும்னா, 2 லட்சம் மட்டும் கைமாறினா போதும். அந்த 2 லட்சத்தை ரெண்டு பேரோட கணக்குலயும் எழுதுறது ரிசர்வ் வங்கி. ரொம்ப வருஷத்துக்கு அது செஞ்சது பெரும்பாலும் இந்தக் கணக்குப்பிள்ளை வேலைதான்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. செக்கைக் கொடுத்ததுக்கும் கணக்கு முடியுறதுக்கும் நடுவுல ஒரு பேங்க் விழுந்துட்டா?

2001 மார்ச்ல அதுதான் நடந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த மாதவ்புரா கூட்டுறவு வங்கி, பங்குத் தரகர் கேதன் பரேக் தரப்புக்கு பே ஆர்டர் கொடுத்திருந்தது. பே ஆர்டர்னா பேங்கே தர்ற வாக்கு, சாதாரண செக் மாதிரி திரும்பி வரக்கூடாது. அதை நம்பி பேங்க் ஆஃப் இந்தியா சுமார் 137 கோடி ரூபாய் கொடுத்துடுச்சு. கிளியரிங்ல போட்டா, பணம் இல்லைன்னு திரும்பி வந்தது! மாதவ்புரா வாசல்ல டெபாசிட் போட்டவங்க கூட்டம். இந்தக் கதையில எனக்கு உறுத்துறது அவங்கதான்.

2004 மார்ச்ல ஆர்டிஜிஎஸ் வந்தது. அதுக்கான திட்டம் முன்னாடியே இருந்ததுதான். பெரிய தொகை ஒவ்வொண்ணும் தனித்தனியா, உடனுக்குடன், ரிசர்வ் வங்கி கணக்குலயே முடியும். கையில பணம் இல்லாத பேங்க் அனுப்பவே முடியாது. சட்டம்தான் மெதுவா வந்தது. கிளியரிங் ஹவுஸ் பத்தி ரிசர்வ் வங்கிச் சட்டத்துல ஒரு உட்பிரிவு இருந்ததே தவிர, தனிச் சட்டம் 2007-லதான். அனுமதி இல்லாம யாரும் பேமென்ட் அமைப்பு நடத்தக் கூடாது, ஒரு பேங்க் திவாலானாலும் முடிஞ்ச கணக்கு முடிஞ்சதுதான்னு அது சொல்லுச்சு. கணக்குப்பிள்ளை இப்போ நாட்டாமை.

சரி, உங்க 200 ரூபாய்? யுபிஐ-யை நடத்துறது ரிசர்வ் வங்கி இல்லை, என்பிசிஐ. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்கையெடுத்து 2008-ல உருவாக்கின அமைப்பு. நாள் முழுக்கப் பல சுற்றா எல்லா பேங்கோட வரவு செலவையும் அது கழிச்சுப் பார்க்கும். மிச்சம் மட்டும் ரிசர்வ் வங்கி கணக்குகள்ல நகரும். ஆமா, அதே பழைய கிளியரிங் ஹவுஸ் கணக்குதான். நடுவுல எந்த பேங்காவது கைவிரிச்சா சமாளிக்க, முன்கூட்டியே பிணையும் வரம்பும் வெச்சிருக்காங்க.

உங்க பேங்க் அந்தப் பணத்தைத் தர்றதுக்குள்ள, நண்பன் அதுல பிரியாணி சாப்பிட்டு முடிச்சிருப்பான்.