வால் எலும்புப் பகுதியில் சீழ்க்கட்டி: ‘பைலோனிடல் சைனஸ்’ வருவது ஏன்? தடுப்பது எப்படி?

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையான வாளையாரை அடுத்து அமைந்துள்ளது கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள இப்பகுதி வழியாக ஏராளமான சரக்கு லாரிகள் சென்று வருகின்றன. பாலக்காடு ஐஐடி வளாகமும் இங்குதான் உள்ளது. மணிக்கணக்கில் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்கள், மாணவர்கள், கணினிப் பணியாளர்கள் ஆகியோர் அறிந்திருக்க வேண்டிய நோய்களில் ஒன்று ‘பைலோனிடல் சைனஸ்’.

நோயின் தன்மை

புட்டங்களுக்கு இடையிலான பிளவின் மேற்பகுதியில், வால் எலும்பை ஒட்டிய தோலில் சிறு துளைகள் உருவாகி, உதிர்ந்த முடிகள் அவற்றின் வழியே உள்ளே புகுந்து தங்குவதே இந்நோய். லத்தீன் மொழியில் ‘முடிக்கூடு’ எனப் பொருள்படும் இப்பெயரை 1880-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஹாட்ஜஸ் சூட்டினார். உள்ளே தங்கும் முடியைச் சுற்றித் தொற்று ஏற்பட்டால் வீக்கம், வலி, துர்நாற்றத்துடன் சீழ் அல்லது ரத்தக் கசிவு ஆகியவை தோன்றும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 80 ஆயிரம் அமெரிக்க வீரர்கள் இந்நோய்க்காக மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டனர். குலுங்கும் வாகனங்களில் நெடுந்தொலைவு சென்றவர்களிடம் காணப்பட்டதால், 1944-இல் மருத்துவர் பூயி இதனை ‘ஜீப் நோய்’ எனக் குறிப்பிட்டார்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பருவமடைந்தது முதல் 40 வயது வரையிலானோரிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். அடர்ந்த, முரட்டுத்தன்மை கொண்ட உடல்முடி, ஆழமான பிளவு, உடற்பருமன், அதிக வியர்வை, இறுக்கமான ஆடை, குடும்பத்தில் பிறருக்கு இந்நோய் இருத்தல் ஆகியவை ஆபத்துக் காரணிகள்.

நீண்ட நேரம் அமர்வது மட்டுமே நோயை உண்டாக்கிவிடுவதில்லை. உதிர்ந்த முடி, அதனை உள்ளே தள்ளும் உராய்வு, எளிதில் இடம் கொடுக்கும் தோல் ஆகிய மூன்றும் சேரும்போதே நோய் உருவாகிறது என்று கிரேக்க அறுவை சிகிச்சை நிபுணர் கரிடாகிஸ் விளக்கினார். பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெப்பத்தில், வியர்வையில் நனைந்த இருக்கையில் தொடர்ந்து அமர்ந்திருப்போருக்குத் தோல் ஊறி மென்மையாவதால் கூடுதல் கவனம் தேவை.

தடுப்பு முறைகள்

* அப்பகுதியைத் தினமும் சோப்பு, தண்ணீரால் கழுவி, ஈரமின்றித் துடைக்க வேண்டும்.
* ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடக்க வேண்டும். ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தும் இடங்களில் இதனைக் கடைப்பிடிக்கலாம்.
* தளர்வான பருத்தி உள்ளாடை அணிந்து, வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும்.
* உடல் எடையைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.
* முடிவெட்டிய உடன் குளிக்க வேண்டும். இந்நோயில் அகற்றப்படும் முடிகளில் பல, பின்தலையிலிருந்து விழுந்த கூர்மையான வெட்டுத் துணுக்குகள் என்று ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். முடிவெட்டிய பின் குளித்துவிட்டே வீட்டுக்குள் நுழையும் நம் வழக்கம் இங்கும் பயன் தருகிறது.
* ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள், முடியை அகற்றும் முறை குறித்து மருத்துவரிடம் கேட்பது நல்லது. சவரக்கத்தியைத் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் எனச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. லேசர் முறை அவ்வாய்ப்பைக் குறைக்கக்கூடும்.

தாமதம் கூடாது

இடத்தின் காரணமாக ஏற்படும் கூச்சத்தால் பலர் நோயை மறைக்கின்றனர். மூலம் அல்லது பவுத்திரம் எனத் தாமாகவே முடிவு செய்து களிம்பு பூசிக் காலம் கடத்துவோரும் உண்டு. இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள், சிகிச்சையும் வேறு. கட்டியைப் பிதுக்குவதோ ஊசியால் குத்துவதோ தொற்றை அதிகரிக்கும்.

சீழ் கோத்திருந்தால் அதனைக் கீறி வெளியேற்றுவதே முதல் சிகிச்சை. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் மட்டும் போதாது. மீண்டும் மீண்டும் வந்தால், துளைகளை அகற்றும் சிறு அறுவை சிகிச்சை முதல், அருகிலுள்ள தோலை நகர்த்தி மூடும் லிம்பெர்க் முறை வரை பல வழிகள் உள்ளன. புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

வால் எலும்பருகே வலி, வீக்கம், கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் பொது அறுவை சிகிச்சை மருத்துவரை அணுக வேண்டும். காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைய தினமே செல்வது அவசியம்.